ஆட்சியைப் பிடித்துத் திருப்பிக் கொடுத்த கேப்டன்கள்: ஏப்ரல் 25 நினைவுச்சின்னங்களை எப்படிப் புரிந்துகொள்வது?

ஒரு நாட்டில் ராணுவம் ஆட்சியைப் பிடித்துவிட்டது என்று செய்தி வந்தால் அடுத்து என்ன நடக்கும் என்பது நமக்கெல்லாம் ஓரளவு தெரியும். சீருடை போட்ட ஒருவர் டிவியில் வருவார், அரசியல் சட்டத்தை நிறுத்தி வைத்திருக்கிறோம் என்பார், நாடு அமைதியானதும் தேர்தல் நடத்துவோம் என்பார், பத்து வருஷம் கழித்துப் பார்த்தாலும் அவரேதான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பார். பாகிஸ்தானில் 1958, 1977, 1999 என்று மூன்று முறை இது நடந்தது. மியான்மரில் 2021-இல் மறுபடி நடந்தது. அதனால் "ஜனநாயகத்தைக் கொண்டுவந்த ராணுவ அதிகாரிகளுக்கு நினைவுச்சின்னம்" என்று யாராவது சொன்னால் சந்தேகம் வருவது நியாயம்தான்.

போர்ச்சுகலில் அப்படிப்பட்ட சின்னங்கள் நிறையவே இருக்கின்றன. சிலை, தரையில் பதித்த கல், அருங்காட்சியகமாக்கிய படைமுகாம் அறை, பெயர் மாற்றிய ஒரு பெரிய பாலம், ஊர் ஊராகத் தெருப் பெயர்கள், அப்புறம் வருஷா வருஷம் ஏப்ரல் 25 தேசிய விடுமுறை. இவையெல்லாம் யாருக்காக என்றால், 1974-இல் 48 ஆண்டு சர்வாதிகாரத்தை ஒரே நாளில் கவிழ்த்த இடைநிலை அதிகாரிகளுக்காக. அவர்களை அங்கே "ஏப்ரல் கேப்டன்கள்" என்பார்கள். ஜெனரல்கள் அல்ல, கேப்டன்கள். இந்தக் கட்டுரையில் அந்த வித்தியாசம் முக்கியம். ஒன்றுமே தெரியாதவருக்கும் புரியும்படி முதலிலிருந்து சொல்கிறேன்.

அதற்கு முன் நடந்தது

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போர்ச்சுகலில் ஜனநாயகத்தை முடித்து வைத்ததும் ராணுவம்தான். 1926 மே 28 அன்று நடந்த ராணுவக் கிளர்ச்சி முதல் குடியரசைக் கவிழ்த்தது. வந்த தளபதிகளுக்கு நிதி நிலைமையைச் சமாளிக்கத் தெரியவில்லை. 1928-இல் கோயம்ப்ரா பல்கலைக்கழகத்தில் பேராசிரியராக இருந்த சலாசாரை நிதியமைச்சராகக் கூப்பிட்டார்கள். 1932-இல் அவர் பிரதமரானார், 1933-இல் தனக்கேற்ற அரசியல் சட்டத்தை எழுதிக்கொண்டார், அதன்பின் 36 ஆண்டு நகரவில்லை.

அனுமதிக்கப்பட்டது ஒரே கட்சி. பத்திரிகைகள் அச்சுக்குப் போகும் முன்பே தணிக்கை அதிகாரி நீலப் பென்சிலால் அடித்துவிடுவார். பிடே என்ற ரகசியப் போலீஸ் ஊரெல்லாம் ஒற்றர்களை வைத்திருந்தது. அரசியல் கைதிகளைக் கடலோரத்துப் பெனீஷ் கோட்டையிலும், லிஸ்பன் பக்கத்துக் கஷியாஸ் சிறையிலும், கேப் வெர்ட் தீவில் தர்ரஃபால் முகாமிலும் அடைத்தார்கள். தேர்தல் என்று ஒன்று நடக்கும், முடிவு முன்பே தெரியும்.

இதை எதிர்த்த அதிகாரிகள் முன்பும் இருந்தார்கள். 1958 குடியரசுத் தலைவர் தேர்தலில் விமானப்படை ஜெனரல் உம்பெர்ட்டோ டெல்காடோ எதிர்த்து நின்றார். ஜெயித்தால் சலாசாரை என்ன செய்வீர்கள் என்று கேட்டபோது, வேறென்ன, பதவிநீக்கம் செய்வேன் என்று வெளிப்படையாகவே சொன்னவர். மோசடித் தேர்தலில் தோற்கடித்தார்கள், நாட்டைவிட்டே போனார், 1965-இல் ஸ்பெயின் எல்லைக்குள் வரவழைத்து ரகசியப் போலீஸ் அவரைக் கொன்றது. லிஸ்பன் விமான நிலையத்துக்கு 2016 முதல் அவர் பெயர்தான். அந்த நகரத்தில் போய் இறங்கும் ஒவ்வொருவரும் அந்தப் பெயரைத்தான் முதலில் பார்க்கிறார்கள்.

1968-இல் சலாசார் கீழே விழுந்து மூளையில் ரத்தம் கட்டிப் படுத்துவிட்டார். மார்செலோ கயத்தானோ பிரதமரானார். கொஞ்சம் தளர்த்துவார் என்று மக்கள் எதிர்பார்த்தார்கள். ரகசியப் போலீஸின் பெயரை மாற்றினார், வேலையை மாற்றவில்லை.

கேப்டன்கள் ஏன் கிளம்பினார்கள்?

காரணம் ஆப்பிரிக்கா. 1961-இல் அங்கோலாவிலும், 1963-இல் கினியிலும் (இன்றைய கினி-பிசாவ்), 1964-இல் மொசாம்பிக்கிலும் விடுதலைப் போர் வெடித்தது. ஒரு கோடி மக்கள்கூட இல்லாத நாடு ஒரே சமயத்தில் மூன்று இடங்களில், 13 ஆண்டு சண்டை போட்டது. இளைஞர்களுக்குக் கட்டாய ராணுவ சேவை, அதில் பொதுவாக இரண்டு ஆண்டு ஆப்பிரிக்காவில். பல்லாயிரம் பேர் திருட்டுத்தனமாக எல்லை தாண்டிப் பிரான்ஸுக்குப் போய்விட்டார்கள்.

ஏன் கேப்டன்கள் என்று கேட்டால், ஒரு கேப்டனின் வேலை என்ன என்று பார்த்தால் போதும். நூறு நூற்றைம்பது பேர் கொண்ட கம்பெனியைக் காட்டுக்குள் கூட்டிக்கொண்டு போவது அவர்தான். கண்ணிவெடியில் கால் போனவனைத் தூக்கி வருவதும், செத்தவன் வீட்டுக்குக் கடிதம் எழுதுவதும் அவர்தான். இரண்டு ஆண்டு முடித்து ஊருக்கு வந்தால் கொஞ்ச நாளில் மறுபடி உத்தரவு வரும். இந்தப் போர் முடியாது, ஜெயிக்கவும் முடியாது என்பது லிஸ்பனில் மேஜைக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு முன்பே இவர்களுக்குத் தெரிந்துவிட்டது.

இங்கே நம் நாட்டோடு நேரடித் தொடர்பு ஒன்று உண்டு, அது கோவா. 1961 டிசம்பரில் இந்திய ராணுவம் கோவாவுக்குள் நுழைந்தபோது, சரணடையக் கூடாது, வெற்றி பெற்ற வீரர்களோ இறந்த வீரர்களோதான் இருக்க வேண்டும் என்ற பொருளில் சலாசார் செய்தி அனுப்பினார். அங்கே இருந்தது மூவாயிரத்துச் சொச்சம் வீரர்கள், போதிய ஆயுதம்கூடக் கிடையாது. கவர்னர் வஸ்ஸாலோ இ சில்வா தன் ஆட்களை வீணாகச் சாகவிட மறுத்து டிசம்பர் 19 அன்று சரணடைந்தார். ஊருக்குத் திரும்பியவர்களைக் கோழைகளைப் போல நடத்தினார்கள். கவர்னரையே ராணுவத்திலிருந்து நீக்கினார்கள். நாளைக்கு கினியில் தோற்றால் பழி நம் தலையில்தான் விழும் என்ற பயம் அதிகாரிகள் மனதில் அன்றே விழுந்துவிட்டது. 1974-க்குப் பிறகுதான் வஸ்ஸாலோ இ சில்வாவுக்குப் பதவி திரும்பக் கிடைத்தது. அதே 1974-இன் கடைசி நாளில், டிசம்பர் 31 அன்று, கோவா இந்தியாவைச் சேர்ந்தது என்று ஏற்கும் ஒப்பந்தத்தில் போர்ச்சுகல் கையெழுத்திட்டது. 13 ஆண்டு பிடிவாதம் எட்டே மாதத்தில் கரைந்தது இந்தக் கேப்டன்களால்தான்.

ஆனால் இயக்கம் தொடங்கியது பெரிய லட்சியத்தோடு அல்ல, பதவி உயர்வுப் பிரச்சினையில். 1973 ஜூலையில் அரசு ஒரு சட்டம் போட்டது. கட்டாய சேவையில் வந்த அதிகாரிகள் குறுகிய பயிற்சி முடித்து நிரந்தர அதிகாரியாகலாம், பணிமூப்பிலும் முன்னே போய்விடலாம். பல வருஷம் ராணுவ அகாடமியில் படித்து வந்தவர்களுக்குக் கோபம் வந்தது. 1973 செப்டம்பர் 9 அன்று எவோரா பக்கத்தில் அல்காசோவாஸ் அருகே ஒரு பண்ணையில் சுமார் 130 பேர் ரகசியமாகக் கூடினார்கள். பேசப் பேச விஷயம் சம்பளம், பதவி என்பதைத் தாண்டிப் போனது. இந்தப் போரை நிறுத்த வேண்டும் என்றால் இந்த அரசு இருக்கக் கூடாது என்ற இடத்துக்குச் சில மாதங்களில் வந்து சேர்ந்தார்கள். சிலர் இதைச் சொல்லி அவர்களைக் குறைத்துப் பேசுவதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. தன் குறையில் தொடங்கி நாட்டின் குறை வரை யோசித்துப் போனவர்கள் என்றுதான் நான் பார்க்கிறேன்.

கினியில் கவர்னராக இருந்துவிட்டு வந்த ஜெனரல் ஸ்பினோலா, ராணுவத்தால் இந்தப் போரை ஜெயிக்க முடியாது என்று 1974 பிப்ரவரியில் புத்தகமே எழுதிவிட்டார். அடுத்த மாதமே அவரையும் முப்படைத் தலைவர் கோஸ்டா கோமெஸையும் அரசு பதவிநீக்கியது. மார்ச் 16 அன்று கால்தாஸ் த ரைன்யா முகாமிலிருந்து ஒரு படை அவசரப்பட்டுக் கிளம்பி, தனியாக மாட்டிக்கொண்டு திரும்பியது. சுமார் 200 பேர் கைதானார்கள். மேஜர் ஒட்டெலோ சராய்வா தெ கர்வால்யோ உட்கார்ந்து அடுத்த திட்டத்தைப் போட்டார், இந்த முறை நாடு முழுக்க, ஒரே நேரத்தில்.

ஏப்ரல் 25

இரவில் எல்லாப் படைமுகாம்களுக்கும் ஒரே நேரத்தில் சொல்லியாக வேண்டும், போனில் சொல்ல முடியாது, ஒட்டுக்கேட்பார்கள். ரேடியோவில் பாட்டுப் போட்டார்கள். ஏப்ரல் 24 இரவு 10:55-க்கு ஒலித்த பாட்டு அந்த ஆண்டு யூரோவிஷன் போட்டிக்குப் போர்ச்சுகல் அனுப்பிய காதல் பாட்டு, அதற்கு "தயாராகுங்கள்" என்று அர்த்தம். நள்ளிரவு தாண்டி 12:20-க்கு ஜோசே அஃபோன்சோவின் "கிராண்டோலா" பாட்டு வந்தது, அதற்கு அர்த்தம் "கிளம்புங்கள், இனித் திரும்ப முடியாது".

லிஸ்பனுக்கு வடக்கே சாந்தாரேம் ஊரில் குதிரைப்படைப் பயிற்சிப் பள்ளி இருந்தது. அங்கே கேப்டன் சல்கெய்ரோ மாயா, வயது 29, மொசாம்பிக்கிலும் கினியிலும் போர் பார்த்தவர், தூங்கிக்கொண்டிருந்த வீரர்களை எழுப்பி வரிசையில் நிறுத்தினார். பல வகை அரசுகள் உண்டு, நாம் வந்து சேர்ந்திருக்கும் இந்த நிலையும் உண்டு, இன்று ராத்திரி இதற்கு முடிவு கட்டப் போகிறோம், வர விருப்பமுள்ளவர்கள் வெளியே வந்து அணிவகுங்கள், விருப்பமில்லாதவர்கள் இங்கேயே இருக்கலாம் என்ற பொருளில் சுருக்கமாகப் பேசினார். அத்தனை பேரும் வெளியே வந்து நின்றார்கள். சுமார் 240 பேர், பழைய கவச வண்டிகள். லிஸ்பனுக்குள் நுழைந்ததும் முன்னால் போன ஜீப் சிவப்பு சிக்னல் பார்த்து நின்றுவிட்டது என்று மாயாவே பின்னாளில் சொல்லியிருக்கிறார்.

காலை ஆறு மணி வாக்கில் ஆற்றங்கரையில் அமைச்சகங்கள் இருக்கும் தெரெய்ரோ தொ பாசோ சதுக்கத்தைப் பிடித்துவிட்டார்கள். பத்து மணி வாக்கில் அரசுக்கு விசுவாசமான பிரிகேடியர் ஒருவர் கனமான டாங்கிகளோடு எதிரே வந்தார். மாயா கையில் வெள்ளைக் கைக்குட்டையும் பாக்கெட்டில் ஒரு கையெறி குண்டுமாக, பேச வேண்டும் என்று தனியாக நடுச்சாலைக்கு நடந்து போனார். பிரிகேடியர் சுடச் சொன்னார். உத்தரவு பெற்ற இளம் அதிகாரி மறுத்தார், அங்கேயே அவரைக் கைது செய்தார்கள். பிரிகேடியர் அடுத்து டாங்கிக்குள் இருந்த கார்ப்பரலுக்கு உத்தரவு போட்டார். அந்த கார்ப்பரல், ஜோசே ஆல்வெஸ் கோஸ்டா, மூடியை உள்ளிருந்து சாத்திக்கொண்டார், வெளியே வரவே இல்லை. ஆற்றில் நின்ற போர்க்கப்பலுக்கும் சதுக்கத்தை நோக்கிச் சுடச் சொல்லி உத்தரவு போயிருந்தது. அதுவும் சுடவில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்கலாம். ராணுவம் என்றாலே உத்தரவுக்குக் கீழ்ப்படிவது. எல்லா நாட்டு ராணுவ நினைவுச்சின்னங்களும் அதைத்தான் போற்றும், "கடமையைச் செய்து உயிர் நீத்தார்" என்றுதான் கல்வெட்டில் எழுதும். ஏப்ரல் 25 சின்னங்கள் போற்றுவது உத்தரவை மீறியவர்களை. அந்த கார்ப்பரல் ஒரு விரலை அசைத்திருந்தால் மாயா அங்கேயே இறந்திருப்பார், நகரத்தின் நடுவில் ராணுவம் ராணுவத்தைச் சுட்டிருக்கும், மிச்சக் கதை வேறாகியிருக்கும். அவர் யார் என்பது பல பத்தாண்டுகள் வெளியே தெரியாமலே இருந்தது என்பது எனக்கு இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அப்புறம் மாயாவின் படை மேட்டில் இருக்கும் கார்மோ சதுக்கத்துக்குப் போனது. அங்கே குடியரசுக் காவல்படையின் தலைமையகத்துக்குள் பிரதமர் கயத்தானோ ஒளிந்திருந்தார். தயவுசெய்து வீட்டிலேயே இருங்கள் என்று ரேடியோவில் திரும்பத் திரும்பச் சொல்லியும் மக்கள் கேட்கவில்லை. சதுக்கம் நிரம்பி மரத்திலெல்லாம் ஏறி உட்கார்ந்துவிட்டார்கள். மாயா மெகாஃபோனில் கெடு வைத்தார், சுவரில் சுடச் சொன்னார், கடைசியில் தானே உள்ளே போனார். கேப்டனிடம் சரணடைய மாட்டேன், அதிகாரம் தெருவில் விழக் கூடாது, ஒரு ஜெனரல் வரட்டும் என்றார் கயத்தானோ. மாலை ஸ்பினோலா வந்தார், ஆட்சி கைமாறியது. வெளியே நின்ற கூட்டத்திடமிருந்து காப்பாற்றி, கவச வண்டியில் ஏற்றி, கயத்தானோவை உயிரோடு கொண்டுபோய்ச் சேர்த்ததும் மாயாதான். கயத்தானோ பின்பு பிரேசிலுக்குப் போய் 1980-இல் இறந்தார்.

துப்பாக்கி முனையில் பூ வந்த கதையும் அன்றுதான். செலெஸ்தெ கயேரோ என்ற பெண் ஒரு உணவகத்தில் வேலை பார்த்தார். அந்தக் கடைக்கு அன்று முதலாம் ஆண்டு விழா, அதற்காக வாங்கி வைத்த கார்னேஷன் பூக்கள், கடை திறக்காததால் ஊழியர்களிடமே கொடுத்தனுப்பினார்கள். வழியில் ஒரு வீரர் சிகரெட் கேட்டார், இவரிடம் இல்லை, பூவைக் கொடுத்தார், அவர் அதைத் துப்பாக்கிக் குழலில் செருகிக்கொண்டார். செலெஸ்தெ 2024 நவம்பரில் 91 வயதில் காலமானார்.

"ரத்தமில்லாப் புரட்சி" என்று எழுதுவார்கள், அது முழு உண்மை அல்ல. ரகசியப் போலீஸ் தன் தலைமையகத்திலிருந்து கூட்டத்தை நோக்கிச் சுட்டதில் நான்கு பேர் இறந்தார்கள், பலர் காயப்பட்டார்கள்.

பிடித்த ஆட்சியை என்ன செய்தார்கள்?

ஆட்சியைக் கவிழ்ப்பது மட்டும் நினைவுச்சின்னத்துக்குப் போதாது. 1926-இல் கவிழ்த்தவர்களும் ராணுவம்தானே. இவர்கள் முன்கூட்டியே எழுதி வைத்த திட்டத்தில் அரசியல் நிர்ணய சபைக்கு ஓராண்டுக்குள் தேர்தல் என்று இருந்தது. மேஜர் மெலோ அன்டூனெஸ்தான் அதை எழுதியதில் முக்கியமானவர். சரியாக ஓராண்டில், 1975 ஏப்ரல் 25 அன்று, தேர்தல் நடந்தது. சுமார் 92 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். ஆண், பெண், படித்தவர், படிக்காதவர் எல்லாருக்கும் சமமான வாக்கு அந்த நாட்டில் அன்றுதான் முதல்முறை.

அந்தத் தேர்தல் சும்மா நடந்துவிடவில்லை. அதற்குள் இயக்கத்துக்குள்ளேயே பிளவு. ஸ்பினோலா 1974 செப்டம்பரில் பதவி விலகினார், 1975 மார்ச்சில் எதிர்ப்புரட்சிக்கு முயன்று தோற்று ஸ்பெயினுக்கு ஓடினார். இடதுசாரி அதிகாரிகள் சிலர் வெற்று வாக்குச் சீட்டைப் போடுங்கள் என்று பிரச்சாரமே செய்தார்கள். மக்கள் கேட்கவில்லை, சோஷலிஸ்ட் கட்சிக்கு முதலிடம் கொடுத்தார்கள். 1975 கோடைக்காலம் முழுக்க உள்நாட்டுப் போர் வந்துவிடுமோ என்ற நிலை. நவம்பர் 25 அன்று பாராசூட் படையினர் கிளர்ச்சி செய்ய, ராமல்யோ எயானெஸ் என்ற அதிகாரியின் தலைமையில் மிதவாத அதிகாரிகள் அடக்கினார்கள். மறுநாள் மெலோ அன்டூனெஸ் டிவியில் வந்து, கம்யூனிஸ்ட் கட்சியும் இந்த ஜனநாயகத்துக்குத் தேவை என்ற பொருளில் பேசினார். ஜெயித்த கை ஓங்கியிருந்த அந்த நேரத்தில் பழிவாங்கலுக்கு அவர் போட்ட அணை அது. சிலியில் இரண்டே ஆண்டுக்கு முன் ராணுவம் ஆட்சியைப் பிடித்து எதிர்த்தரப்பினரைக் கொன்று குவித்ததை நினைத்துப் பார்த்தால் அந்தச் சில நிமிடப் பேச்சின் மதிப்பு தெரியும்.

1976 ஏப்ரலில் புதிய அரசியல் சட்டம், அதே மாதம் நாடாளுமன்றத் தேர்தல், ஜூனில் குடியரசுத் தலைவர் தேர்தல். எயானெஸ் ஜெயித்தார், ஒட்டெலோ சுமார் 16 சதவீதம் வாங்கித் தோற்றார். அதிகாரிகளின் "புரட்சிக் கவுன்சில்" மட்டும் சட்டங்களைப் பரிசீலிக்கும் அதிகாரத்தோடு நீடித்தது. 1982-இல் நாடாளுமன்றம் சட்டத்தைத் திருத்தி அதையும் கலைத்தது. ராணுவம் எதிர்க்கவில்லை, போய்விட்டது. எட்டு ஆண்டு ஆனது, ஆனாலும் முழுக்கத் திருப்பிக் கொடுத்தார்கள். மற்ற நாட்டுத் தளபதிகள் செய்யாத வேலை இதுதான், சின்னம் வைக்கத் தகுதியானதும் இதுதான் என்பது என் உறுதியான கருத்து.

யாருக்குச் சின்னம், எப்படிச் சின்னம்

அன்று அவ்வளவு செய்த மாயா பதவி எதையும் ஏற்கவில்லை. படைக்கே திரும்பிப் போனார். அசோர்ஸ் தீவுக்கு மாற்றினார்கள், போனார். நடுவில் பல்கலைக்கழகத்தில் சேர்ந்து சமூக அறிவியல் படித்தார். 1980-களின் கடைசியில் நாட்டுக்குச் செய்த சிறப்புச் சேவைக்கான பென்ஷனுக்கு விண்ணப்பித்தார், அன்றைய பிரதமர் கவாக்கோ சில்வாவின் அரசு தரவில்லை. அதே அரசு ரகசியப் போலீஸில் இருந்த இருவருக்குப் பென்ஷன் தந்த விஷயம் 1992-இல் வெளியே வந்தபோது நாடே கொதித்தது. அந்த ஆண்டு ஏப்ரல் 4 அன்று மாயா புற்றுநோயில் இறந்தார், வயது 47. தன் சொந்த ஊரான காஸ்தெலோ தெ வீதில், அலங்காரம் எதுவும் இல்லாமல் தரையோடு தரையாக ஒரு கல்லறை போதும் என்று எழுதி வைத்திருந்தார். "கிராண்டோலா" பாட்டோடு அப்படியே புதைத்தார்கள். ஏப்ரல் 25-க்குப் பிறகு குடியரசுத் தலைவராக இருந்த நான்கு பேரும் வந்து நின்றார்கள். 2009-இல் அதே கவாக்கோ சில்வா, குடியரசுத் தலைவராக, சாந்தாரேமில் அவர் சிலைக்கு மலர்வளையம் வைத்தார். நினைவுச்சின்னம் செய்யும் வேலைகளில் இதுவும் ஒன்று, உரிய நேரத்தில் கொடுக்காதவரைக்கூட ஒரு நாள் முன்னால் வந்து நிற்க வைக்கும்.

கார்மோ சதுக்கத்தில் மாயாவுக்கு இருப்பது தரைக்கற்களுக்கு நடுவே பதித்த ஒரு வட்டமான கல். குதிரை மேல் வாளேந்திய சிலை எதுவும் அல்ல. மக்கள் அதைச் சுற்றி நடக்கிறார்கள், ஏப்ரல் 25 அன்று அதன்மேல் சிவப்புக் கார்னேஷன்களை வைக்கிறார்கள். அந்த மனிதருக்கு இது மிகவும் பொருத்தம். இதற்கு நேர்மாறாக, எட்வர்ட் பூங்காவின் உச்சியில் சிற்பி ஜொவாவ் கூட்டிலெய்ரோ 1997-இல் வடித்த பெரிய கல் நினைவுச்சின்னம் இருக்கிறது, அதன் வடிவம் பற்றி அந்த ஊரில் அன்றிலிருந்து சண்டைதான்.

பெயர் மாற்றமும் ஒரு சின்னம்தான். தெஜோ ஆற்றின்மேல் 1966-இல் திறந்த தொங்குபாலத்துக்குச் சலாசார் பாலம் என்று பெயர். ஆட்சி கவிழ்ந்ததும் அந்த எழுத்துகளைப் பெயர்த்து எடுத்துவிட்டு "ஏப்ரல் 25 பாலம்" என்றாக்கினார்கள். கவனியுங்கள், எந்த அதிகாரியின் பெயரையும் வைக்கவில்லை, தேதியை வைத்தார்கள். ஒருவருடைய பெயரை வைத்தால் இன்னொருவர் விடுபடுவார் என்பது மட்டுமல்ல, ஒருவர் பின்னால் என்ன ஆவார் என்று யாருக்குத் தெரியும்?

அதற்கு ஒட்டெலோவே சாட்சி. திட்டம் முழுக்கப் போட்டவர், அவர் இல்லாமல் ஏப்ரல் 25 இல்லை. ஆனால் 1980-களில் குண்டுவைப்பும் கொலையும் செய்த ஒரு ஆயுதக் குழுவோடு தொடர்பு என்று 1984-இல் கைதாகித் தண்டனையும் பெற்றார், 1996-இல் நாடாளுமன்றம் பொதுமன்னிப்பு கொடுத்தது. 2021 ஜூலையில் அவர் இறந்தபோது அரசு தேசிய துக்கம் அறிவிக்கவில்லை. அறிவித்திருக்க வேண்டும் என்று ஒரு பக்கம், அந்தக் குழுவால் செத்தவர்களின் குடும்பத்துக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று இன்னொரு பக்கம். இரண்டு பக்கமும் பேசுவது உண்மைதான். அதே சமயம், எதிர்ப்புரட்சிக்கு முயன்று ஓடிய ஸ்பினோலாவுக்கு 1981-இல் மார்ஷல் பட்டம் கொடுத்தார்கள் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

பெலேம் பகுதியில் ஆற்றங்கரைக் கோட்டையை ஒட்டி 1994-இல் திறந்த இன்னொரு நினைவிடம் இருக்கிறது. ஆப்பிரிக்கப் போர்களில் இறந்த சுமார் 9,000 வீரர்களின் பெயர்கள் அங்கே சுவரில் வரிசையாகப் பொறிக்கப்பட்டிருக்கின்றன. அது ஏப்ரல் கேப்டன்களின் சின்னம் அல்ல, ஆனால் அந்தச் சுவரைப் பார்க்காமல் கேப்டன்களின் கோபம் முழுதாகப் புரியாது. எதிர்ப்பக்கத்தில் இறந்த ஆப்பிரிக்கர்களின் பெயர்கள் அங்கே இல்லை. அவர்கள் அதைவிடப் பல மடங்கு. அந்த நாடுகளின் விடுதலை இயக்கங்கள் 13 ஆண்டு தாக்குப்பிடித்திருக்காவிட்டால் லிஸ்பனில் கேப்டன்களும் கிளம்பியிருக்க மாட்டார்கள். லிஸ்பனின் ஏப்ரல் கதையில் இந்தப் பக்கம் இன்னும் சரியாக எழுதப்படவில்லை என்று நினைக்கிறேன்.

உயிரோடிருக்கும் கேப்டன்களும் சும்மா மாலை வாங்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கவில்லை. 1982-இல் தொடங்கிய அவர்களுடைய சங்கத்துக்கு வாஸ்கோ லோரென்சோ தலைவர். 2012-இல் அரசின் சிக்கன நடவடிக்கைகளை எதிர்த்து நாடாளுமன்ற விழாவைப் புறக்கணித்தார்கள். 2014-இல் நாற்பதாம் ஆண்டு விழாவில் பேச இடம் கேட்டார்கள், கிடைக்கவில்லை, கார்மோ சதுக்கத்தில் மக்கள் முன் போய்ப் பேசினார்கள்.

போய்ப் பார்க்க நினைப்பவர்களுக்கு: கார்மோ சதுக்கத்துக்கு பைஷா-ஷியாடோ மெட்ரோவில் இறங்கி நடந்துவிடலாம். அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் அன்டோனியோ மரியா கார்டோசோ தெருவில் ரகசியப் போலீஸ் தலைமையகம் இருந்த கட்டிடம், இன்று அடுக்குமாடி வீடுகள். அன்று சுட்டுக் கொல்லப்பட்ட நால்வரின் பெயர்ப் பலகை அங்கே இருக்கிறது. ஒட்டெலோவும் சில அதிகாரிகளும் ஜன்னல்களில் போர்வையைத் தொங்கவிட்டு இரவெல்லாம் கட்டளையிட்ட அறை பொன்டின்யா படைமுகாமில், நீல வழி மெட்ரோவில் போகலாம். மேஜை, வரைபடம், ரேடியோ, அதிகாரிகளின் முழு உருவப் பொம்மைகள் என்று அந்த இரவு இருந்ததுபோலவே வைத்திருக்கிறார்கள். ஒரு நாள் கூடுதலாகக் கிடைத்தால் வடக்கே சுமார் 100 கிலோமீட்டரில் இருக்கும் பெனீஷ் கோட்டைக்குப் போய்விட்டு வாருங்கள். கைதிகளை விடுதலை செய்து சரியாக ஐம்பது ஆண்டு கழித்து, 2024 ஏப்ரல் 27 அன்று, அந்தச் சிறையைத் தேசிய அருங்காட்சியகமாகத் திறந்திருக்கிறார்கள்.